இருபது பேருக்கு ஒரு பொம்மை

ஜெனீவா என்ற பெயரைக் கேட்டால் எங்கள் மனம் சுவிற்சர்லாந்துக்குப் போய்விடுகிறது. மனித உரிமைகள் பேரவை, தீர்மானம், வாக்கெடுப்பு, கால அவகாசம் என்று வருடாவருடம் கேட்டுப் பழகிய சொற்கள் வரிசையாக வருகின்றன. நான் எழுத வந்தது இன்னொரு ஜெனீவாவைப் பற்றி. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. பெயர் லேக் ஜெனீவா. அந்த ஊரில் வளர்ந்து, அங்கேயே இறந்துபோன கேரி கைகாக்ஸ் என்ற மனிதர், நண்பர்கள் மேசையைச் சுற்றியிருந்து கதைபேசி ஆடும் ஒரு விளையாட்டை உலகுக்குக் கொடுத்தார். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். தொலைக்காட்சித் தொடர்களிலும் திரைப்படங்களிலும் அதைக் கண்டிருப்பீர்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இன்று அந்தப் பெயர் தெரியும்.

அவரது வாழ்க்கையை எங்கள் வாசகர்களுக்குச் சொல்ல நினைத்ததற்குக் காரணம் உண்டு. அவர் தொடங்கியது போர் விளையாட்டில். முடித்தது ஒரு மேசையில், நண்பர்களோடு. இடையில் நடந்த மாற்றம், போரை அனுபவித்த எங்களுக்கு விளங்கக்கூடிய மாற்றம்.

கைகாக்ஸ் 1938 யூலை 27 ஆம் திகதி சிக்காகோ நகரில் பிறந்தார். தகப்பன் சுவிற்சர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். சிக்காகோவின் புகழ்பெற்ற சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். இரவில் மகனுக்கு மந்திரவாதிகள், வாள்வீரர்கள் வரும் கதைகளைச் சொந்தமாகக் கட்டிச் சொல்லுவார். சிக்காகோவில் பிள்ளைகளின் தெருச்சண்டை மோசமானபோது, 1946 இல் குடும்பம் தாயின் ஊரான லேக் ஜெனீவாவுக்கு மாறியது. அங்கேதான் டொன் கே என்ற சிறுவன் கைகாக்ஸுக்குச் சிநேகிதனானான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கதைக்குள் ஆளாக நின்று விளையாடுவது அவர்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. கைவிடப்பட்ட பழைய சுகாதார நிலையம் ஒன்றின் சுரங்கவழிகளில் ஊர்ப் பிள்ளைகளோடு அலைந்த அனுபவமும் கைகாக்ஸுக்கு இருந்தது. பிற்காலத்தில் அவர் கட்டிய கற்பனை நிலவறைகளுக்கு அந்த இருட்டும் ஒரு வேர்.

1956 இல் தகப்பன் இறந்தார். கைகாக்ஸ் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. கடற்படைப் பிரிவில் சேர்ந்து, நிமோனியாக் காய்ச்சலால் சில காலத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். 1958 இல் ஊர்த் தோழி மேரி ஜோவைத் திருமணம் செய்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். வாழ்வாதாரத்துக்கு ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. எந்த வீட்டுக்கு, எந்த உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடுவது அந்த வேலை.

அதே 1958 இன் கடைசியில்தான் கெற்றிஸ்பேர்க் என்ற விளையாட்டு அவர் கைக்கு வந்தது. 1863 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த பெருஞ்சமரை ஒரு வரைபடத்தின்மேல் அட்டைக் காய்களை நகர்த்தி ஆடும் விளையாட்டு. கைகாக்ஸ் அதில் மூழ்கிப்போனார். இரவில் வீட்டில் இருப்பதே குறைந்தது. மனைவிக்குச் சந்தேகம் வந்தது. கணவனுக்கு வேறொரு பெண் தொடர்பு இருக்கிறதென்று நினைத்து ஒருநாள் தேடிப்போனார். போய்ப் பார்த்தால், ஒரு நண்பரின் வீட்டு நிலக்கீழ் அறையில், வரைபடங்கள் விரித்த மேசையைச் சுற்றி ஆண்கள் சிலர் குனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் கைகாக்ஸ்.

போர் விளையாட்டு என்பது புதிய விடயமல்ல. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளை வரைபடத்திலும் பகடையிலும் பயிற்றியது. 1913 இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் படைகளுக்கு விதிப்புத்தகம் எழுதினார். உண்மைப் போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேலானது என்பது அவரது வாதம். அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் மூண்டது.

1968 இல் லேக் ஜெனீவாவின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டொலர் வாடகைக்கு எடுத்து, தன்னைப் போன்ற ஆர்வலர்களை கைகாக்ஸ் ஒன்றுகூட்டினார். அந்தக் கூட்டத்துக்கு ஜென்கொன் என்று பெயர் வந்தது. ஆங்கிலத்தில் மாநாட்டுக்கும் சமவாயத்துக்கும் ஒரே சொல். ஊர்ப்பெயரோடு சேர்த்தால் போர்ச் சட்டங்களை வகுத்த ஜெனீவா சமவாயங்களும் அந்தப் பெயரில் ஒலிக்கும். அவர்களுக்கு அது ஒரு சிரிப்பு. நாங்கள் அந்தச் சமவாயங்களை வேறுவிதமாக அறிந்தவர்கள். இருந்தாலும் அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வரவில்லை. போரைக் காணாத ஊரில் போர் ஒரு விளையாட்டாகத்தான் இருக்க முடியும்.

1970 இல் காப்புறுதி வேலை போய்விட்டது. ஐந்து பிள்ளைகளோடு இருந்த குடும்பம். கைகாக்ஸ் வீட்டின் நிலக்கீழ் அறையில் சப்பாத்துத் திருத்தும் தொழிலைத் தொடங்கினார். பகலில் சப்பாத்து, மற்ற நேரத்தில் விளையாட்டு விதிகள். 1971 இல் ஜெஃப் பெரன் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் எழுதிய செயின்மெயில் என்ற விதிநூல் வெளிவந்தது. ஐரோப்பிய மத்தியகாலப் போர்களைப் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடுவதற்கான நூல். அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் டிராகன்களும் வந்தன.

அந்த நூலில் ஒரு கணக்கு உண்டு. பெருஞ்சமர் ஆடும்போது மேசையிலுள்ள ஒரு பொம்மை இருபது போர்வீரர்களுக்குச் சமம். ஒரு பொம்மையை எடுத்து ஓரமாக வைத்தால் இருபது பேர் போய்விட்டார்கள். விளையாட்டுக்கு அது வசதி. ஆயிரம் பொம்மை வாங்க எவரிடம் காசு இருக்கிறது?

இந்த வசதியை நான் படித்தபோது சிறிது நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். எங்கள் போரும் அப்படித்தான் எழுதப்பட்டது. வரைபடத்தில் ஒரு கோடு பின்வாங்கியது, ஓர் அம்புக்குறி முன்னேறியது, ஒரு வட்டம் சுருங்கியது. அந்த வட்டத்துக்குள் இருந்தவர்கள் அறிக்கைகளில் எண்ணிக்கையானார்கள். அந்த எண்ணிக்கை பற்றிக்கூட இன்றுவரை உடன்பாடு இல்லை.

செயின்மெயிலிலேயே ஒரு பொம்மைக்கு ஒரு மனிதன் என்று ஆடும் இன்னொரு பகுதியும் இருந்தது. ஆனால் அந்த மனிதனுக்குப் பெயரும் பயமும் கடனும் கனவும் கொடுத்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969 இல் ஒரு புதுமுயற்சி செய்தார். நெப்போலியன் காலத்துக் கற்பனை நகரம் ஒன்று. அதன் பெயர் பிரவுன்ஸ்டைன். இரு பக்கமும் இரண்டு படைகள் நெருங்குகின்றன. அவர் எல்லா நண்பர்களுக்கும் படைகளைக் கொடுக்கவில்லை. ஒருவர் நகரபிதா, ஒருவர் வங்கியாளர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். இரண்டு படைகளுக்கு நடுவில் அகப்பட்ட ஊரில் நீ என்ன செய்வாய் என்பதுதான் ஆட்டம். வந்தவர்கள் ஆளுக்காள் தங்கள் பாட்டுக்குக் கதைக்கவும் பேரம் பேசவும் தொடங்கியதில் திட்டமிட்ட சமர் நடக்கவேயில்லை. ஆட்டம் தோற்றுவிட்டதென்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள்.

வெஸ்லி இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டுப் போனார். அவரது குழுவிலிருந்த டேவ் ஆர்னசன் அந்த எண்ணத்தைக் கையிலெடுத்தார். பிளாக்மூர் என்ற கற்பனைக் கோட்டையையும் அதன் அடியில் நிலவறைகளையும் வரைந்தார். ஒவ்வொரு நண்பரும் ஒரேயொரு ஆள். அந்த ஆள் வாரம் வாரம் தொடர்ந்து வாழ்வான், கற்றுக்கொள்வான், வளர்வான், சாகவும் கூடும். சண்டைக்கு அவர் எடுத்துக்கொண்டவற்றில் செயின்மெயிலின் விதிகளும் இருந்தன. 1972 இன் கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸுக்கும் அவரது நண்பர்களுக்கும் அதை ஆடிக்காட்டினார்.

கைகாக்ஸ் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். முதலில் ஐம்பது பக்கம் அளவில் விதிகள் எழுதினார். கிரேஹோக் என்ற கோட்டையை வரைந்து, அதற்குள் முதலில் அனுப்பியது தன் மகன் ஏர்னியையும் மகள் எலிஸையும். பிள்ளைகள் நிலவறையில் ஒரு பெட்டி நிறையச் செப்புக்காசு கண்டுபிடித்தார்கள். தூக்க முடியாத பாரம். அடுத்து வந்த ஆட்டங்களில் டொன் கேயும் வேறு ஊர் நண்பர்களும் சேர்ந்தார்கள். ஆட்டம் வாரத்தில் பல இரவுகள் நடந்தது. ஆட ஆட விதிகள் திருத்தப்பட்டன.

இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் நடுவர். அவர் இடத்தையும் நிலைமையையும் விவரிப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். அதன் பெயர், பலம், பலவீனம், கையிருப்பு எல்லாம் ஒரு தாளில் பென்சிலால் எழுதியிருக்கும். என்ன செய்கிறேன் என்று அவர்கள் சொல்ல வேண்டும். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டப்படும். அதில் இருபது முகம் கொண்ட பகடையும் உண்டு. ஆட்டத்தில் வென்றவர் தோற்றவர் இல்லை. ஆடுபவர்கள் ஒருவருக்கெதிராக ஒருவர் ஆடுவதுமில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே கதைக்குள் நடக்கிறார்கள். போர் விளையாட்டில் பிறந்த ஒன்று இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

எனக்கு இது எழுத்தில் மட்டும் தெரிந்த விளையாட்டல்ல. ஒரே வகுப்பில் படித்த நாங்கள் ஐந்து பேர் சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் ஆடுகிறோம். இருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் வவுனியாவில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பரிஸில். மேசை என்று சொன்னாலும் எங்களுக்குக் கிடைப்பது கணினித் திரைதான். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து ஒருவன் கதையைத் தொடங்க மற்றவன் தொடர்வதாக விளையாடிய அதே ஐந்து பேர். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினோம். மறுபடி ஒன்றுசேர இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. ரொறன்ரோ நண்பன்தான் மகனிடமிருந்து இந்த விளையாட்டைப் பழகி எங்களுக்கும் சொல்லித் தந்தான்.

ஒரு சனிக்கிழமை, நிலவறையில் எங்கள் கூட்டாளி ஒருவனின் பாத்திரம் செத்துவிட்டது. பின்னால் எதிரி துரத்துகிறான். உடலை விட்டுவிட்டு ஓடுவதுதான் புத்தி. விதியும் அதைத் தடுக்கவில்லை. வவுனியாவில் இருப்பவன், இறுதி மாதங்களை வன்னியில் கழித்தவன், விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான். காரணம் சொல்லவில்லை. எவரும் கேட்கவுமில்லை. உடலைத் தூக்கிக்கொண்டு வெளியில் வர எங்களுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. வெளியில் வந்ததும் அவன் நடுவரிடம் கேட்டு, மண் தோண்டி, அடக்கம் செய்தான். அதற்குப் பகடை உருட்டச் சொல்லவில்லை நடுவர். அன்று அதோடு ஆட்டத்தை நிறுத்தினோம். இந்த விளையாட்டு காயத்தை ஆற்றும் என்று நான் சொல்லவரவில்லை. அவன் அதற்குப் பிறகும் வன்னியைப் பற்றி எங்களோடு கதைத்ததில்லை. அடுத்த சனிக்கிழமை வழமையான நேரத்துக்கு வந்தான், அவ்வளவுதான்.

கைகாக்ஸின் கதைக்குத் திரும்புவோம். அவலோன் ஹில் என்ற பெரிய நிறுவனம் அவரது விளையாட்டை வெளியிட மறுத்தது. 1973 ஒக்டோபரில் கைகாக்ஸும் டொன் கேயும் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டொன் கே தன் ஆயுள் காப்புறுதியின் பேரில் கடன் எடுத்துப் பணம் போட்டார். அது போதாமல் பிரையன் புளூம் என்ற இன்னொரு ஆர்வலர் 2,000 டொலரோடு பங்காளியானார். 1974 தை மாதம் முதற்பதிப்பு வந்தது. மூன்று சின்னப் புத்தகங்கள் ஒரு பெட்டியில். மொத்தம் 1,000 பெட்டி, விலை 10 டொலர். பெட்டிகளை வீட்டிலிருந்தே கையால் அடுக்கினார்கள். ஆசிரியர்களாகக் கைகாக்ஸ், ஆர்னசன் இருவரது பெயரும் இருந்தன. ஒரு வருடத்துக்குள் எல்லாம் விற்றுப்போயின.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1975 தை 31 ஆம் திகதி டொன் கே மாரடைப்பில் இறந்தார். வயது 36. இருதய நோய் இருந்ததைப் பங்காளிகளிடம் சொல்லாமலே வைத்திருந்தார். அவரது பங்கு மனைவிக்குப் போனது. அதை வாங்கக் கைகாக்ஸிடம் பணம் இருக்கவில்லை. புளூமும் அவரது தகப்பனும் பணம் போட, நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு புளூம் குடும்பத்திடம் சேர்ந்தது. பெயருக்குத் தலைவர் கைகாக்ஸ். சிறுவயதுச் சிநேகிதனை இழந்த அந்த வருடத்தில் நிறுவனத்தின்மீதான பிடியும் அவர் கையைவிட்டுப் போனது. அதன் விலையைப் பத்து வருடம் கழித்தே கொடுத்தார். டொன் கே ஆடிய பாத்திரத்தின் பெயர் மெர்லிண்ட். கைகாக்ஸ் அந்தப் பெயரைக் கிரேஹோக் உலகத்துக்குள்ளேயே வைத்துக் காத்தார். டொன் கேயைக் கண்டிராதவர்களும் இன்று அந்தப் பெயரை அறிவார்கள்.

இன்னொரு நட்பும் முறிந்தது. 1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் விளையாட்டை விரித்து மூன்று பெரிய நூல்களாக எழுதினார். இது புதிய படைப்பு, ஆர்னசனுக்கு இதில் உரிமைப்பணம் இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆர்னசன் 1979 இல் வழக்குப் போட்டார். 1981 இல் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் காணப்பட்டது. எண்ணம் ஒருவரது, எழுத்து இன்னொருவரது என்று ஆர்வலர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இருவரும் ஒரு மேசையில் சந்தித்திராவிட்டால் இரண்டுமே நிலைத்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

1979 இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 16 வயது மாணவன் ஒருவன் காணாமல் போனான். அவன் இந்த விளையாட்டை ஆடுபவன் என்று தெரிந்ததும், விளையாட்டுத்தான் அவனைச் சுரங்கத்துக்குள் இழுத்தது என்று பத்திரிகைகள் எழுதின. பின்னர் அவன் உயிரோடு கிடைத்தான். அவனது மனவழுத்தத்துக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமிருக்கவில்லை. அடுத்த வருடம் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். எண்பதுகளில் இது சாத்தான் வழிபாடு என்றே பிரசாரம் நடந்தது. கைகாக்ஸுக்கு மிரட்டல்கள் வந்தன. பிள்ளை படும் துன்பத்தைப் பார்ப்பதைவிட அவன் கையிலிருந்த புத்தகத்தைக் குற்றஞ்சாட்டுவது சுலபம். அந்தக் கூச்சலால் விற்பனை குறையவில்லை, கூடியது.

பணம் வந்தது. கைகாக்ஸ் ஹொலிவூட்டுக்குப் போனார். அவர் பொறுப்பில் உருவான கார்ட்டூன் தொடர் 1983 இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதே வருடம் மேரி ஜோவோடு விவாகரத்தானது. ஊரில் நிறுவனம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. திரும்பிவந்து 1985 இல் ஒருமுறை கட்டுப்பாட்டை மீட்டார். ஆனால் புளூம் குடும்பம் தன் பங்குகளை லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவருக்கு விற்றது. அவரை நிறுவனத்துக்குள் கொண்டுவந்ததே கைகாக்ஸ்தான். அந்த ஒக்டோபரில் தலைமைப் பதவி போனது. வழக்கிலும் தோற்றார். 1986 இல் நிறுவனத்தைவிட்டே வெளியேறினார். கிரேஹோக் உலகமும், அவர் ஆடிய மந்திரவாதியின் பெயரும்கூட நிறுவனத்தின் சொத்தாக நின்றுவிட்டன. தன் பிள்ளைகளை முதன்முதலில் நடக்கவிட்ட அந்தக் கற்பனை ஊரைப் பற்றி எழுத அவருக்கே உரிமையில்லை. காணியை இழந்தவர்களின் துயரத்தோடு இதை நான் ஒப்பிடமாட்டேன். ஆனால் சொந்த வளவுக்கு முன்னால் நின்று உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்த மனநிலை கொஞ்சம் விளங்கும்.

1987 இல் மறுமணம் செய்து, பெரும்பாலும் லேக் ஜெனீவாவிலேயே வாழ்ந்தார். வேறு விளையாட்டுகள் எழுதினார். எதுவும் முதலாவதைப்போல ஓடவில்லை. 1997 இல் நொடிந்துபோன டி.எஸ்.ஆரை இன்னொரு நிறுவனம் வாங்கியபிறகு பழைய கசப்புக் குறைந்தது. மறுபடி மதிப்போடு அழைக்கப்பட்டார். 2004 இல் பாரிசவாதம் இரண்டுமுறை தாக்கியது. அதன்பிறகும் வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கும், முன்பின் தெரியாத இளையவர்களுக்கும் நடுவராக இருந்து ஆட்டம் நடத்தினார். நிறுவனமும் வழக்கும் போனபின் அவரிடம் மிஞ்சியது அந்த மேசைதான். 2008 பங்குனி 4 ஆம் திகதி, 69 வயதில் இறந்தார். ஆர்னசன் அடுத்த வருடம் சித்திரையில் இறந்தார்.

கைகாக்ஸின் இறுதிச் சடங்கு முடிந்தபிறகு குடும்பமும் நண்பர்களும் ஊர் மண்டபம் ஒன்றில் கூடினார்கள். கூடியவர்கள் பகடையை எடுத்து விளையாடத் தொடங்கினார்கள். அந்த ஒன்றுகூடல் வருடாந்த நிகழ்வாக வளர்ந்து இப்போதும் லேக் ஜெனீவாவில் நடக்கிறது. அவரை நேரில் கண்டிராதவர்களே இன்று அதிகம் வருகிறார்கள். பெரியவர்கள் அந்த மேசைகளில் பழைய நிலவறைகளை மறுபடி திறந்து, பிள்ளைகளை உள்ளே அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் மேல்வரியில் எழுதப்படுவது ஒரு பெயர்.